ஒன்பது வருடத்து அழுக்கு

தொட்டிக்காரர் என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, தரைக்கடியில் கிடக்கும் சம்ப், எதுவாக இருந்தாலும் உள்ளே இறங்கிச் சேற்றை வாரி, சுவரைத் தேய்த்து, மருந்து போட்டுக் கழுவிக் கொடுப்பது அவர் தொழில். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். ஒரு பிரஷ், ஒரு பக்கெட் என்று ஆரம்பித்தவருக்கு இன்றைக்குச் சொந்தமாக வேன், கீழே நான்கு ஆட்கள். வேனின் இரண்டு பக்கமும் நீல எழுத்தில் ‘கண்ணாடி போல் தண்ணீர்’ என்று எழுதியிருக்கும். யார் கையையும் பிடித்து மேலே வந்தவர் அல்ல, ஏணியைப் பிடித்து வந்தவர். இதை அவரே ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லிவிடுவார். சொல்லட்டுமே, பொய்யா என்ன? உழைத்தவன் சொல்லாமல் உட்கார்ந்து தின்றவனா சொல்வான்?

வேலை முடிந்தது என்பதற்கு அவரிடம் ஒரு முத்திரை உண்டு. தொட்டி மறுபடி நிறைந்ததும் வீட்டுக்காரரிடம் டம்ளர் கேட்பார். அந்தத் தொட்டித் தண்ணீரையே ஒரு டம்ளர் பிடித்து, அவர் கண் முன்னால் மூச்சுவிடாமல் குடித்து, டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார். நாற்பது வருடத்தில் ஒரு நாள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்ததில்லை. படித்த இன்ஜினியர்கள் காகிதத்தில் கொடுக்கும் சான்றிதழை இவர் வயிற்றால் கொடுத்தார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் ஒரு மீன் சாகக் கிடந்தது. அதுவும் தண்ணீரால்.

அவர் மனைவி கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவர். ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரே ஒரு தங்கமீனும் வாங்கிக் கொடுத்தார்கள். கட்டை விரல் நீளம், கண் இரண்டும் புடைத்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாது. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரும் நோயாளி முன்னால் அப்படித்தான் நிற்பாராம். ஆகவே மீனுக்கு டாக்டர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

டாக்டர் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் குடியேறினார். வேலையில்லாமல் வீட்டில் இருந்த அந்த அம்மாள் காலையும் மாலையும் ஒரு ஸ்டூலைப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அக்கம்பக்கம், மகள் வீட்டுச் சங்கதி, பால் திரிந்தது, துணி காயாதது எல்லாம் டாக்டருக்குப் போய்ச் சேரும். ஒன்றரை வருடம் மீன் ஜம்மென்று இருந்தது. தொட்டிக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பக்கெட் தண்ணீர் பிடிக்கிற தொட்டியெல்லாம் அவர் கணக்கில் தொட்டியே அல்ல.

வினை, விருந்தாளியாக வந்தது. பெரிய குடியிருப்பு ஒன்றின் செகரெட்டரி, எட்டு மொட்டைமாடித் தொட்டிகளைக் கழுவும் வேலையைப் பேச வீட்டுக்கு வந்தார். டீ குடித்துக்கொண்டே மீன் தொட்டியைப் பார்த்தார்.

“என்ன தொட்டிக்காரரே, தண்ணி கொஞ்சம் மஞ்சளா இருக்கே?”

அவ்வளவுதான் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தொட்டிக்காரருக்கு டீ தொண்டையில் நின்றுவிட்டது. நாற்பது வருடத்து மானம் இரண்டு பக்கெட் தண்ணீரில் போய்விட்டதே!

மறுநாள் காலையிலேயே டாக்டரை ஒரு பாத்திரத்துக்கு மாற்றினார். தண்ணீரை மொத்தமாக வெளியே கொட்டினார். அடியில் கிடந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். காற்றுக் குழாயின் முனையில் செருகியிருந்த ஸ்பாஞ்சை எடுத்துப் பிழிந்தால் காப்பிப் பொடி மாதிரி அழுக்கு கொட்டியது. “பாத்தியா, இதுக்குள்ளதான் உன் டாக்டர் இவ்வளவு நாள் குடித்தனம் பண்ணியிருக்காரு!” என்று மனைவியிடம் காட்டிவிட்டு, அதை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டார். பளிங்கு மாதிரி வெளுத்துவிட்டது.

“அதை நோண்டாதீங்க. அது பாட்டுக்கு நல்லாத்தானே இருக்கு?” என்றார் மனைவி.

“நல்லா இருந்ததெல்லாம் நான் கழுவறதுக்கு முன்னாடி. இனிமே ரொம்ப நல்லா இருக்கும்.”

அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவினார். குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து நிரப்பினார். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று விரலை விட்டுப் பார்த்தால்தான் தெரியும், அப்படி ஒரு தெளிவு. வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். மூன்றாவது வாரம், காலையில் மனைவி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபோது டாக்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வெளியே நீட்டி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. வாலில் நரம்பு நரம்பாகச் சிவப்பு ஓடியது. இரையைப் போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை.

மச்சான் அப்போதுதான் வேலைக்குக் கிளம்ப வந்தார். மனைவியின் தம்பி, வேன் ஓட்டுவதும் கயிறு பிடிப்பதும் அவர்தான்.

“என்னக்கா, டாக்டருக்கே உடம்பு சரியில்லைன்னா யாரைக் கூப்பிடறது?”

அக்கா சிரிக்கவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை.

“தண்ணி அழுக்காயிருக்கும்” என்று தொட்டிக்காரர் பிரஷ்ஷைத் தேடினார்.

“அந்தப் பிரஷ்ஷைத் தொட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்” என்றார் மனைவி. குரல் உயரவில்லை. டோக்கன் ஜன்னலில் இடித்துக்கொண்டு நிற்கும் ஐம்பது பேரை அடக்கிய குரல் அது, உயர வேண்டிய அவசியம் இல்லை. “இது போயிடுச்சுன்னா இந்த வீட்டுல நான் யார்கிட்ட பேசறது?”

“ஏன், நான் இல்லையா? குத்துக்கல்லாட்டம் இருக்கேனே!”

“நீங்க பேசுவீங்க. கேட்க மாட்டீங்க.”

மச்சான் கூரையைப் பார்த்தார். தொட்டிக்காரர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு, ஒரு பாட்டிலில் மீன் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மச்சானோடு கிளம்பினார். அன்றைய வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டார். நாற்பது வருடத்தில் அவர் வேலைக்குப் போகாதது அவருடைய கல்யாணத்தன்றும் மகளுடைய கல்யாணத்தன்றும்தான். மூன்றாவது, டாக்டருக்காக.

வளர்ப்பு மீன் விற்கும் கடையை ஒரு பெண் நடத்திக்கொண்டிருந்தாள். அவர் மகள் வயது இருக்கும். கை முழங்கை வரை ஈரம். தொட்டிக்காரர் பாட்டிலை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“பாரும்மா. தண்ணியில ஒரு குறை சொல்ல முடியுமா? கண்ணாடி! மீனுக்குத்தான் ஏதோ கோளாறு.”

அவள் பாட்டிலை வாங்கவே இல்லை. “எப்ப கழுவினீங்க?”

“நேத்து.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு ரெண்டு நாள் முந்தி. மூணு வாரமா விடாம கழுவறேன். சோம்பலே கிடையாது நமக்கு.”

“ஸ்பாஞ்சு?”

“பிளீச்சிங்ல ஊற வெச்சு எடுத்துடுவேன். புதுசு மாதிரி இருக்கும்.”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். “ஐயா, அந்த மீன் இன்னும் உயிரோட இருக்கா?”

“அதனாலதானே வந்திருக்கேன்!”

சின்னக் குழாயில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றி ஏதோ மருந்தை நான்கு சொட்டு விட்டாள். மஞ்சளாக இருக்க வேண்டியதாம். கரும்பச்சையாகப் போயிற்று.

“விஷம்” என்றாள்.

தொட்டிக்காரருக்குச் சுருக்கென்றது. “யாரைப் பார்த்து என்ன பேசற? இப்ப இந்தத் தண்ணியை நான் குடிச்சுக் காட்டட்டுமா? டம்ளர் இருக்கா?”

“நீங்க குடிக்கலாம் ஐயா, நீங்க பிழைச்சுக்குவீங்க. மீன்தான் பிழைக்காது.”

பின்னால் நின்ற மச்சான் ஒரு மீன் உணவு டப்பாவை எடுத்து ரொம்ப அக்கறையாகப் படிக்கத் தொடங்கினார். தோள் மட்டும் குலுங்கியது.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். மீன் இருக்கிற தண்ணீரில் அதன் கழிவாலேயே விஷம் சேரும். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற கிருமிகள் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. அவை ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும். அழுக்கு மாதிரி தெரியும், ஆனால் வீட்டையே தாங்குவது அவைதான். “நீங்க அதுங்களைக் கூண்டோட அனுப்பி வெச்சுட்டீங்க. ஒரு தடவை இல்ல, பத்துத் தடவை.”

“அப்ப அந்தக் கிருமியை ஒரு பொட்டலம் கட்டிக் குடேன்.”

“புதுசா வளர ஒரு மாசம் ஆகும். உங்க மீன் ஒரு மாசம் தாங்காது. நல்லா ஓடிட்டிருக்கிற பழைய தொட்டி ஸ்பாஞ்சு ஒண்ணு கிடைச்சா அப்படியே கொண்டுபோய்ப் போட்டுடலாம். என் கடைத் தொட்டி எல்லாத்துலயும் இந்த வாரம் மருந்து ஊத்தியிருக்கேன், அதைக் குடுக்க முடியாது. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? வருஷக்கணக்கா சரியா கழுவாம, ஆனா மீன் மட்டும் கொழுகொழுன்னு இருக்கிற தொட்டி?”

மச்சான் டப்பாவை வைத்துவிட்டார்.

“ஒண்ணு இருக்கு” என்றார் மச்சான். “மாமா வாயால சொல்ல மாட்டாரு.”

இருக்கத்தான் இருந்தது. சலூன்காரர் கடையில், கண்ணாடிக்குக் கீழே, ஒன்பது வருடமாக ஒரு தொட்டி. பச்சை பிடித்த சுவர், பாசி தொங்கும் குழாய். உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு மூன்று தங்கமீன்கள், பண்ணையார்கள் மாதிரி உலாவிக்கொண்டிருக்கும். ஞாயிறுதோறும் ஷேவ் செய்யப் போகும் தொட்டிக்காரருக்கு அதைப் பார்த்தாலே உடம்பு கூசும். இலவசமாகக் கழுவித் தருகிறேன் என்று பல தடவை சொல்லிப் பார்த்தார். சலூன்காரர் அசையவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆள் இருந்தபோது, தொட்டிக்காரர் முகத்தில் நுரையோடு, “இது தொட்டியா சாக்கடையா? இந்தக் கடைக்கு வர்றவனுக்கு நோய் வர வேற வழியே வேணாம்!” என்று போட்டு உடைத்துவிட்டார்.

“அண்ணே, கழுத்து என் கையில இருக்கு. பேச்சை அப்புறம் வெச்சுக்கலாமா?” என்றார் சலூன்காரர்.

கடை சிரித்தது. தொட்டிக்காரர் துண்டை உதறிவிட்டு, ஒரு கன்னம் வழுவழுப்பாகவும் ஒரு கன்னம் முள்ளாகவும் எழுந்து வந்தவர்தான். அதற்குப் பிறகு ரெண்டு தெரு தள்ளி வேறு கடை. அங்கே ஷேவ் செய்தால் எரியும். எரிந்தாலும் பழைய கடைக்குத் திரும்பவில்லை.

இப்போது வேன் அந்தச் சலூன் முன்னால் போய் நின்றது. ‘கண்ணாடி போல் தண்ணீர்’ என்ற எழுத்து சரியாகக் கடை வாசலைப் பார்த்தது. இறங்குவதற்கு முன் தொட்டிக்காரர், “மாப்ள, நீ போய்க் கேட்டுட்டு வாயேன்” என்றார்.

“நான் எதுக்கு? ஸ்பாஞ்சை நானா வெளுத்தேன்?”

உள்ளே போனால் விதி முதல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. அந்தக் குடியிருப்பு செகரெட்டரிக்கு முடிவெட்டு நடந்துகொண்டிருந்தது. பெஞ்சில் இன்னும் மூன்று பேர்.

சலூன்காரர் கத்தரியை நிறுத்தவில்லை, கண்ணாடி வழியாகவே பார்த்தார். “வாங்கண்ணே. மிச்சம் பாதி ஷேவுக்கா?”

பெஞ்ச் சிரித்தது. தொட்டிக்காரர் தொண்டையைச் செருமினார். “ஒரு பொருள் வேணும்.”

“சொல்லுங்க.”

“ஸ்பாஞ்சு.”

“எந்த ஸ்பாஞ்சு? நுரை போடறதா?”

“அதுல இருக்கே... அது.” விரல் தொட்டியைக் காட்டியது. தலை வேறு பக்கம் திரும்பியிருந்தது.

கத்தரி நின்றது. “சாக்கடையில இருக்கிறதையா கேக்கறீங்க?”

“வீட்டுல மீனுக்கு முடியலப்பா. மேல வந்து வாயைத் திறந்து திறந்து... சாகப்போகுது.”

சலூன்காரர் சீப்பை வைத்தார். கேலி பாதி இறங்கியது, பாதிதான். தொட்டிக்குள் கையை விட்டார். இரண்டு ஸ்பாஞ்சு இருந்தது, ஒன்றை உருவினார். கறுப்பாக, வழவழவென்று, சேறு சொட்டச் சொட்ட வந்தது. “ரொம்ப அழுக்கா இருக்கே அண்ணே. உங்க கையில இதைக் குடுக்கவே கூச்சமா இருக்கு. குழாயில ஒரு தடவை அலசித் தரட்டுமா?” என்று வாஷ்பேசின் பக்கம் திரும்பினார்.

“ஐயோ, கழுவிடாதே!”

தெருவுக்கே கேட்டிருக்கும். பெஞ்சில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். செகரெட்டரி போர்வையோடு நாற்காலியில் முழுதாகத் திரும்பினார். நாற்பது வருடம் தெருத்தெருவாகப் போய்க் கழுவுங்கள் கழுவுங்கள் என்று சொன்ன வாய் அது. அதே வாய் கழுவாதே என்று கும்பிடாத குறையாகக் கத்தியது. கையும் நீண்டுவிட்டது. இரண்டு உள்ளங்கையையும் குவித்து, கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி அந்தச் சேற்றை ஏந்தினார் மனிதர்.

சலூன்காரர் அதற்குமேல் விளையாடவில்லை. ஒரு டப்பாவில் அதே தொட்டித் தண்ணீரை மொண்டு ஸ்பாஞ்சை மூழ்கப் போட்டு மூடிக் கொடுத்தார்.

“நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே” என்றார் தொட்டிக்காரர். நாற்பது வருடத்தில் அவர் கேட்ட மன்னிப்பு மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

“வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இது உங்களுக்காக இல்லண்ணே. எங்கம்மா கண்ணுக்குக் காட்ட வந்தப்ப டோக்கன் தீர்ந்து போச்சு. அக்காதான் எந்திரிச்சு வந்து, அவங்க நாற்காலியையே குடுத்து உட்கார வெச்சாங்க. இது அக்கா மீனுக்கு.”

வேனில் திரும்பும்போது டப்பா தொட்டிக்காரர் மடியில் இருந்தது. பின்னால் பம்பு, பத்து மீட்டர் ஹோஸ், மூன்று பிரஷ். அவர் இரண்டு தடவை மூடியைத் திறந்து பார்த்தார். மூன்றாம் தடவை திறக்கும்போது மச்சான் வேனை ஓரங்கட்டி நிறுத்தி டப்பாவைப் பிடுங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

“மேலாப்புல மட்டும் லேசா...” என்று ஆரம்பித்தார் தொட்டிக்காரர்.

“அக்காகிட்ட நீங்களே சொல்லிக்கிறீங்களா மாமா?”

மச்சான் வேனைக் கிளப்பினார்.

வீட்டில் பளபளத்த கண்ணாடித் தொட்டிக்குள் அந்தக் கறுப்பு ஸ்பாஞ்சை அவர் கையாலேயே பிழிந்து, காற்றுக் குழாயில் செருக வேண்டியிருந்தது. மனைவி பக்கத்திலேயே நின்றார். சேறு மேகம் மேகமாகப் பரவியது. டாக்டர் அதற்குள் மறைந்து போனார். தொட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மீன் கடைப் பெண் சொன்ன பத்தியம். மூன்று நாள் இரை கிடையாது. ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த தண்ணீரைக் கொண்டு தினமும் கால் தொட்டி மட்டும் மாற்றலாம். வேறு எதையும் தொடக்கூடாது. மீனுக்கு அந்தப் பத்தியம் எப்படி இருந்ததோ, தொட்டிக்காரருக்கு உயிர் போயிற்று. அடியில்லாத சம்ப்புக்குள் தலைகீழாக இறங்கியவர், தேள் கிடந்த தொட்டியை வெறுங்காலோடு கழுவியவர், ஒரு தொட்டியைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்காரத் தெரியாமல் தவித்தார். இரண்டாம் நாள் தண்ணீர் பால் மாதிரி மங்கியது.

“கை அரிக்குதுடி.”

“அரிச்சா சொறிஞ்சுக்கோங்க.”

வீட்டிலிருந்த பிரஷ்கள் எல்லாவற்றையும் மனைவி அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிவிட்டார். பிறகு ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலைப் போட்டார். “உட்காருங்க. அது மூச்சு வாங்குதா, வாலை விரிக்குதான்னு பாருங்க. அது போதும்.”

உட்கார்ந்தார். உட்கார்ந்தால் கேட்க வேண்டியிருந்தது. கண் ஆஸ்பத்திரி அம்மாள் வழக்கம்போல டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஆள் இருப்பதையே சட்டை செய்யவில்லை. மகள் வீட்டுக்காரர் வேலை மாறப்போகிறார். அது தொட்டிக்காரருக்குப் புதுச் செய்தி. பக்கத்து வீடு விலைக்கு வருகிறது, அதுவும் புதுசு. மூன்றாம் நாள் சாயங்காலம், மீனைப் பார்த்தபடியே, “டாக்டர், இவருக்கு முட்டி வலிக்குது. ஏணியில நாலாவது படியில நின்னுட்டுத்தான் அஞ்சாவது ஏறுறாரு. கேட்டா ஊரைப் பார்க்க நின்னேங்கறாரு. அங்க என்ன ஊர் தெரியுது, எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியுது” என்றார்.

தொட்டிக்காரர் திடுக்கிட்டார். உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த சங்கதி.

“யாரு சொன்னா உனக்கு?”

“நான் டாக்டர்கிட்ட பேசிட்டிருக்கேன். நடுவுல பேசாதீங்க.”

ஐந்தாம் நாள் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மச்சான் மீன் கடைக்குப் போய்வந்தார். இளம்பச்சையாம். ஏழாம் நாள் காலையில் டாக்டர் மேல்மட்டத்தில் இல்லை. மனைவியின் முகம் வெளிறிவிட்டது. தொட்டிக்காரர் முட்டியைப் பற்றி யோசிக்காமல் தரையில் மண்டியிட்டு, கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தார். கலங்கலுக்குள்ளே, கல்லுக்கு மேலே, துடுப்பைக் குடை மாதிரி விரித்துக்கொண்டு டாக்டர் மெதுவாக வந்து அவர் மூக்குக்கு நேராக நின்று வாயைத் திறந்து மூடினார். வாலில் சிவப்பு மங்கியிருந்தது. ஒரு சிட்டிகை இரை போட்டார்கள். இரண்டு தடவை துப்பிவிட்டு மூன்றாம் தடவை விழுங்கினார்.

“முழுங்கிட்டான்!” என்று தொட்டிக்காரர் எழுந்தார். எழ முடியவில்லை. மனைவி கை கொடுத்துத் தூக்கினார். யார் கையையும் பிடித்து மேலே வந்தவர் இல்லை என்பதை அன்றைக்கு மட்டும் அவர் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் செகரெட்டரி வந்தார். எட்டுத் தொட்டி வேலைக்குத் தேதி குறிக்க வேண்டும், ஆனால் சலூனில் கேட்ட கூச்சல் மனதில் இருந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு மீன் தொட்டியைப் பார்த்தார். கற்களில் பாசி. ஓரத்தில் பச்சை. தண்ணீர் முன்னைவிட இன்னும் கொஞ்சம் மஞ்சள்.

“என்ன தொட்டிக்காரரே, அன்னைக்கே மஞ்சளா இருந்துச்சு. இன்னைக்கு...?”

“நல்லாப் பாருங்க சார்” என்றார் தொட்டிக்காரர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. “சாதாரண அழுக்குன்னு நினைச்சுட்டீங்களா? ஒன்பது வருஷத்து அழுக்கு. கடையில கிடைக்காது. ஆளைப் பார்த்துத்தான் குடுப்பாங்க. இதை வளர்க்கறதுக்குக் கைப்பக்குவம் வேணும். கழுவறது எவன் வேணா கழுவிடுவான், கழுவாம இருக்கிறதுதான் தொழில்.”

செகரெட்டரி டீயைக் கீழே வைத்தார். “அப்ப எங்க மாடித் தொட்டியையும் அப்படியே விட்டுடலாமா?”

“உங்க தொட்டியில மீன் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப வியாழக்கிழமை காலையில வர்றேன். டம்ளர் ஒண்ணு எடுத்து வைங்க.” பிறகு வாசல் பக்கம் பார்த்து, “மாப்ள, ஏணி நீ ஏறு. நான் கீழ நின்னு பிடிச்சுக்கறேன்” என்றார்.

ஸ்டூலில் இருந்த மனைவி திரும்பவே இல்லை. தொட்டியைப் பார்த்து, “கேட்டீங்களா டாக்டர்?” என்றார்.

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார்.